வால்வு அண்ணன் இசைக்குக் குழாய் போட்ட கதை

அந்த இருபது மாடிக் குடியிருப்பில் குழாய்ப் பராமரிப்பு பார்க்கிறவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வால்வு அண்ணன் என்றால்தான் தெரியும். ஒரு வாஷ்பேசினுக்கு ஒரு வால்வு போதும் என்று ஊர் உலகமே நினைக்கும் இடத்தில் அவர் மூன்று வைப்பார். தண்ணீரை எந்த இடத்திலும் நிறுத்த முடிய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. கொள்கை உள்ள மனிதர்கள் அருகிவரும் காலத்தில் இப்படி ஒருவர் தரைக்குக் கீழே, மோட்டார் அறையில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்தார் என்பது மேலே குடியிருந்த பலருக்குத் தெரியாது.

குடி, சீட்டு, அரசியல் எதுவும் அண்டாத அவரை ஓர் ஆப் அண்டியது. புகார்களைப் பதிவு செய்யவென்று நிர்வாகம் கொடுத்த டேப்லெட்டில் அது ஏற்கெனவே குடியிருந்தது. திறந்தால் வெறும் திரை. அதில் பெட்டிகளை எடுத்து வைக்க வேண்டும்: தாளத்துக்கு ஒன்று, அடிக்குரலுக்கு ஒன்று, எதிரொலிக்கு ஒன்று. வைத்துவிட்டால் மட்டும் சத்தம் வந்துவிடாது. ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்கு விரலால் ஒயர் இழுக்க வேண்டும். மற்றவர்கள் பத்து நிமிடத்தில் கும்பிடு போட்டுவிட்டு ஓடிப்போகும் இடம் அது. வால்வு அண்ணனுக்கோ பிறந்த வீட்டுக்கு வந்ததுபோல் இருந்தது. மோட்டார், தொட்டி, குழாய், திருகு. தண்ணீருக்குப் பதில் சத்தம் ஓடுகிறது, அவ்வளவுதானே.

அன்றிலிருந்து மதிய ஓய்வு நேரம் முழுவதும் கலைக்கு அர்ப்பணம். ‘மேல்தொட்டி நிரம்புகிறது’, ‘மூன்றாம் தளக் கசிவு’ என்று படைப்புகள் பெருகின. கேட்கத்தான் ஆள் இல்லை. சரியாகச் சொன்னால், கொஞ்சம் கேட்க ஆட்கள் இருந்தார்கள். கடைசிவரை கேட்கத்தான் இல்லை. மனைவி சிறிது நேரம் தலையாட்டிவிட்டு, “நல்லாருக்குங்க, பால் பொங்குது” என்று உள்ளே போய்விடுவாள். பாலே வாங்காத நாளிலும் பொங்கியது. எலக்ட்ரீஷியன், “அண்ணே, லிஃப்ட் வந்திருச்சு” என்பார், படிக்கட்டில் நின்றுகொண்டு. காவலாளி மட்டும் எழுந்து போகவில்லை, ஏனென்றால் தூங்கிவிட்டார். யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ஒரு பாட்டை முதலிலிருந்து முடிவுவரை கேட்டுவிட வேண்டும். அண்ணன் வாழ்க்கையிடம் கேட்டது இவ்வளவே.

அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில், ஜன்னல் இல்லாத கூடத்தில் அவருடைய தங்கை காலை நேரத்தில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு எடுத்துவந்தாள். வகுப்பில் ஓய்வுபெற்ற நீதிபதி அம்மா ஒருவர் உண்டு. பாட்டில் வார்த்தை இருந்தால் அர்த்தம் தேட வேண்டியிருக்கிறது, அதனால் கால் பிசகுகிறது என்று அவர் ஆட்சேபம் தெரிவித்தார். வேறு போக்கிடம் இல்லாமல் தங்கை மோட்டார் அறைக்கு இறங்கி வந்தாள்.

“அண்ணா, உன் டொக்கு டொக்கு ஒண்ணு வேணும்.”

“அது டொக்கு டொக்கு இல்ல. ஏழு டிராக்.”

“சரி, ஏழு டொக்கு. மொதல்ல மெதுவா, அப்புறம் நடை, அப்புறம் ஓட்டம், கடைசியில மறுபடி மெதுவா. அரை மணி நேரம் வரணும்.”

“பாதியில நிறுத்த மாட்டியே?”

“நானா? பாட்டு நிக்கிற வரைக்கும் ஒருத்தரும் நிக்கக் கூடாதுன்னு சட்டமே போட்டிருக்கேன். இல்லாட்டி பாதியில உக்காந்து மருமக கதை பேசறாங்க.”

அண்ணனுக்குக் கண் கலங்கியது. ஒரு கூடம் நிறைய ஆட்கள், எழுந்து போக முடியாதபடி சட்டத்தால் கட்டப்பட்டு, முழுதாகக் கேட்கப்போகிறார்கள். எந்த வித்வானுக்குக் கிடைக்கும் இந்த பாக்கியம்?

வேலையில் இறங்கினார். மோட்டாரின் ரீங்காரத்தைப் பதிவு செய்து இரண்டாகக் கிளை பிரித்தார். ஒன்று நேராக எல்லாச் சத்தத்தையும் கலக்கும் மிக்சர் பெட்டிக்கு, இன்னொன்று எதிரொலிப் பெட்டி வழியாக வலது காதுக்கு மட்டும். குழாயிலிருந்து சொட்டும் துளியைச் சீக்வென்சரில் போட்டார். சீக்வென்சர் என்பது வரிசையாகக் கட்டங்கள் உள்ள பெட்டி. வெளிச்சம் ஒன்று கட்டம் கட்டமாக நடந்து போகும், நாம் தொட்டு வைத்த கட்டத்தில் கால் வைத்தால் சத்தம் வரும். தாளத்திலிருந்து ஓர் ஒயரை இழுத்து அடிக்குரலின் அளவுத் திருகில் செருகினார். இப்போது தாளம் அடிக்கும்போதெல்லாம் அடிக்குரல் பம்மியது. குளியலறையில் யாரோ ஷவரைத் திறந்தால் சமையலறைக் குழாய் மெலிகிறதே, அதே சங்கதி. இதைச் சரிசெய்வதிலேயே வயதைக் கழித்தவர், இங்கே வேண்டுமென்றே உண்டாக்கிவிட்டுத் தனியாகச் சிரித்தார்.

மெதுநடை, வேகநடை, ஓட்டம், ஓய்வு என்று நான்கு பகுதிகளையும் ஒன்றன்பின் ஒன்றாக ஒயரால் கோத்தார். ஓய்வுப் பகுதிக்குப் பின்னால் ஒன்றும் இல்லை. குழாய் அந்தரத்தில் நின்றது.

குழாய்த் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் கிடையாது. உயரமான கட்டடத்தில் வெந்நீர்க் குழாயை மேல்மாடியோடு முடித்துவிட்டால் மிச்சத் தண்ணீர் அங்கேயே தேங்கி ஆறிப்போகும். அதனால் கடைசி முனையிலிருந்து இன்னொரு குழாயைக் கீழே கொதிகலனுக்கே திருப்பிக் கொண்டுவருவார்கள். ரிட்டர்ன் லைன் என்று பெயர். தண்ணீர் சுற்றிக்கொண்டே இருக்கும், எப்போது திறந்தாலும் சூடு. அண்ணன் யோசிக்கவில்லை. தொழில் பழகிய விரல் தானாகவே கடைசிப் பெட்டியிலிருந்து முதல் பெட்டிக்கு ஓர் ஒயரை இழுத்துவிட்டது.

மறுநாள் காலை டேப்லெட்டைக் கூடத்து ஒலிபெருக்கியோடு இணைத்து, அதற்கான அலமாரியில் வைத்தார். சத்தத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று முன்பு நடந்த போர்களின் விளைவாக, குடியிருப்புச் சங்கச் செயலாளர் அந்த அலமாரியைப் பூட்டிச் சாவியை ஊருக்குள் இருக்கும் தம் அலுவலகத்துக்கு எடுத்துப் போய்விடுவது வழக்கம். அன்றும் எடுத்துப் போனார். அண்ணனுக்குப் பதினேழாம் மாடியில் அடைத்துக்கொண்ட சிங்க் ஒன்று காத்திருந்தது. அதன் கீழே மல்லாந்து படுத்தபடி மனதுக்குள் கூடவே வாசித்துக்கொண்டிருந்தார். இப்போது நடை. இப்போது ஓட்டம். இதோ ஓய்வு. முடிந்தது. கேட்டுவிட்டார்கள்.

சிங்க்கின் அடைப்பு விட இன்னும் முக்கால் மணி நேரம் ஆனது. பாராட்டை வாங்கிக்கொள்ள நிதானமாகக் கை கழுவிவிட்டுக் கீழே வந்தார். லிஃப்ட் திறந்தபோது ஓட்டப் பகுதி கேட்டது. தாமதமாக ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்துக் கூடத்துக்குள் தலையை நீட்டினார்.

உள்ளே போர்க்களம். ஒருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடினாள், இன்னொருத்தி சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடியவளைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். நீதிபதி அம்மா மட்டும் நடுவில், முகம் தக்காளியாக, நிமிர்ந்த முதுகோடு.

“அண்ணா, இது எப்ப முடியும்?” என்று தங்கை பாய்ந்து வந்தாள்.

“எது?”

“மெதுவாகுது, சரி முடிஞ்சுதுன்னு மூச்சு விடறோம், மறுபடி கிளம்புது. மூணாவது சுத்து ஓடுது. அலமாரி பூட்டிக் கிடக்கு.”

“எல்லாரையும் நிறுத்தச் சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லாமலா? அந்தம்மா விட்டாத்தானே.”

“சட்டம்னா சட்டம்,” என்றார் நீதிபதி அம்மா ஓடிக்கொண்டே. “பாட்டு நிக்கல.”

“நான்தாம்மா போட்டேன். நானே வாபஸ் வாங்கிக்கறேன்.”

“நடந்துகிட்டிருக்கிற ஓட்டத்துக்கு அது செல்லாது.”

அண்ணன் வாசலோரம் இருந்த மின்சாரப் பெட்டியைத் திறந்து மெயின் சுவிட்சைக் கீழே தள்ளினார். விளக்குகளோடு பாட்டும் அணைந்தது. நின்ற இடத்திலேயே எல்லோரும் தரையில் அமர்ந்தார்கள். இருட்டுக்குள்ளிருந்து, “வகுப்பு ஒத்திவைக்கப்படுகிறது” என்ற குரல் மட்டும் வந்தது.

மாலை வீட்டில் அண்ணன் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். மனைவி துணி மடித்துக்கொண்டே முழுக் கதையையும் வாங்கி, தேவைக்கு மேல் சிரித்து முடித்தாள்.

“நீ சிரி. மூணு சுத்து ஓடியும் ஒருத்தர்கூடக் கடைசி வரைக்கும் கேக்கல.”

“எப்படிங்க கேப்பாங்க? கடைசின்னு ஒண்ணு இருந்தாத்தானே? உங்க எந்தப் பாட்டுக்கு இருந்துச்சு? நானும் இப்ப முடியும், அப்ப முடியும்னு நின்னு நின்னு பாத்துட்டுத்தான் உள்ள ஓடுவேன்.”

அண்ணன் பழைய படைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். ‘மேல்தொட்டி’யில் கடைசியிலிருந்து முதலுக்கு ஓர் ஒயர். ‘கசிவு’ அப்படியே. எதுவும் பாக்கியில்லை. தண்ணீரை எங்கும் நிறுத்தத் தெரிந்த மனிதர், தம் கையால் ஒரு பாட்டைக்கூட நிறுத்தியிருக்கவில்லை.

புதிய பாட்டைத் திறந்து, பல்லைப் பிடுங்குவதுபோல் அந்த ஒயரைப் பிடுங்கினார்.

“முனை சும்மா நிக்குதே. தேங்கி நாறும்.”

“சத்தம் நாறாது, தைரியமா விடுங்க.”

டக்கென்று நிறுத்திப் பார்த்தார். “கரண்ட் போன மாதிரி இருக்கு” என்றாள். எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வந்தார். “தொட்டி காலியான மாதிரி.” பிறகு ஒவ்வொரு டிராக்கையும் தனித்தனியாக வெளியே அனுப்பினார். முதலில் தாளம் போயிற்று, அடுத்து மோட்டார், பின்னால் அடிக்குரல். சொட்டும் துளியை மட்டும் எதிரொலிப் பெட்டியோடு விட்டுவைத்து, அதையும் கட்டம் கட்டமாக அணைத்துக்கொண்டே வந்தார்.

“இப்ப முதல்லேருந்து போடறேன்” என்றார், கேட்பாள் என்ற நம்பிக்கை பெரிதாக இல்லாமல்.

மடிக்க வேண்டிய துணி மலையாகக் கிடந்தது. நடையில் போர்வைகள் முடிந்தன. ஓட்டத்தில் சட்டைகள். ஓய்வு வந்தபோது அவள் மடியில் ஒற்றைத் தலையணை உறை மிச்சமிருந்தது. அதை மடிக்காமல் கையில் பிடித்தபடி இருந்தாள். கடைசித் துளி விழுந்தது. அதன் எதிரொலி வலது பக்கமாக நடந்து போய் மறைந்தது. அதற்குப் பிறகும் அவள் சிறிது நேரம் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“முடிஞ்சிருச்சா?”

“முடிஞ்சிருச்சு.”

“நல்லாருக்கு. ஆனா அந்த ஓட்டம் கொஞ்சம் நீளம்.”

எத்தனையோ நாள் எத்தனையோ பேர் நல்லாருக்கு என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். முழுதும் கேட்ட ஒருவரைத் தவிர வேறு யாராலும் சொல்ல முடியாத குறை இது. அண்ணன் அதைப் பொன்னாடைபோல் போர்த்திக்கொண்டு நெருங்கி உட்கார்ந்தார்.

“எந்த இடத்துல நீளம்?”

“வாயால சொன்னா உங்களுக்குப் புரியாது. மறுபடி போடுங்க, காட்டறேன்.”