செனூவின் செப்பு அண்டா

வெனிஸ்காரர்கள் ஆண்ட ஃபமகுஸ்தாக் கோட்டைக்குள், செனூவின் செப்பு அண்டா இல்லாமல் அந்தத் தெருவில் ஒரு கல்யாணமும் நடந்ததில்லை, ஒரு சாவும் கழிந்ததில்லை. இரண்டுக்கும் கோதுமைதான் வேகவேண்டும். கல்யாணத்துக்குக் கறியோடு, செத்தவருக்கு மாதுளை முத்தோடு. அண்டாவை இரவல் கொடுக்கும்போது கூடவே நாலு வசவும் கொடுப்பாள். "அடிபிடிக்க விட்ட, உன் தலையிலயே கவுத்துருவேன்." புருஷன் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது அந்த அண்டாவும் மகன் லொயிசோவும்தான்.

துருக்கியர் கோட்டையை வளைத்துக்கொண்டதும் வெனிஸ் துரைகளிடம் வெள்ளி தீர்ந்தது. செப்புக் காசு அடித்துச் சிப்பாய்களுக்குக் கூலி கொடுக்க வீடுவீடாகச் செம்பு திரட்டினார்கள். அண்டாவைத் தூக்க வந்தவன் அடுத்த வீட்டுக் கன்னான் பியெரி. காசு அடிக்கும் கூடத்தில் இப்போது அவனுக்கு வேலை.

"அழாதக்கா. சண்ட முடிஞ்சதும் இந்தச் செப்புக் காசுக்கு வெள்ளி தருவாங்களாம். வெள்ளியக் கொண்டா, இதவிடப் பெரிசா நானே அடிச்சுத் தர்றேன்."

அண்டாவுக்குப் பதிலாக வந்த, இறக்கை வைத்த சிங்கம் பொறித்த காசுகளைத் துணியில் முடிந்துவைத்தாள் செனூ. நாளைக்கு லொயிசோ கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டுக் கோதுமை இரவல் பாத்திரத்தில் வெந்தால் ஊர் சிரிக்காதா? தெருவில் மற்றவர்கள் வந்த காசை வந்த கையோடு ரொட்டிக்காரன் தலையில் கட்டினார்கள். அவள் முடிச்சை அவிழ்க்கவே இல்லை.

"கழுதக்கறியாச்சும் வாங்கும்மா. மதில்ல நிக்க முடியல, கால் நடுங்குது" என்றான் மதில் காவலுக்குப் போய்வந்த லொயிசோ.

"அது காசில்லடா, உன் கல்யாணம். பொறுத்துக்க."

பொறுத்துக்கொண்டான். அம்மா பேச்சைத் தட்டத் தெரியாத பிள்ளை, பாவம்.

வெயில் கொளுத்திய ஒரு நாள் துருக்கியர் மதிலுக்கடியில் வெடி வைத்தார்கள். புகையைக் கண்டதும் கூட நின்றவர்கள் ஓடி இறங்கிவிட்டார்கள். லொயிசோவின் கால்கள் ஓடவில்லை.

புதைத்துவிட்டு வந்த செனூ, முடிச்சோடு நேரே பியெரியிடம் போனாள்.

"சட்டியளவுக்காச்சும் ஒண்ணு அடிச்சுக் குடு பியெரி. என் அண்டாதான இது. பிள்ளைக்குக் கோதும வைக்கணும்."

அவன் காசுகளைக் கையில் வாங்கினான். "அடிச்சுத் தர்றேங்க்கா." பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான். "வேகவைக்கக் கோதும இருக்கா?"

கோட்டை முழுக்கத் தேடினாலும் ஒரு பிடி கிடைக்காது. ரொட்டிக்காரன் கடையைச் சாத்தி எத்தனையோ நாளாகிவிட்டது. செனூ அவன் கையிலிருந்த காசுகளைப் பார்த்தாள்.

"இதுக்கு அன்னிக்கே ரொட்டி வாங்கியிருக்கலாம்ல, பியெரி?"

பியெரி அணைந்த உலையில் கரி அள்ளிப் போடத் தொடங்கினான்.