ஆடம் லோகி நடந்துபோனான்

நாக்வெர்ன் பண்ணைக் கிரிசெலின் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு பிடி ஓட்ஸ் மாவு வாங்கிப் போனவன் ஸ்காட்லாந்தின் கேலவே சீமையிலேயே கிடையாது. கப்பல் உடைந்து எல்லாம் போச்சு என்று அழுதுகொண்டு வந்த மாலுமியிடம் கயிற்றைக் கொடுத்து ஒரு முடிச்சுப் போட்டுக் காட்டச் சொன்னாள். அவன் போட்ட முடிச்சு கோழிக்கூட்டுக்குக்கூட ஆகாது. செவிட்டு ஊமையாக வந்த ஒருவன் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, புருஷன் நினியன் பக்கம் திரும்பி, பானைக்குள் விழுந்த எலியை எடுத்தாயிற்றா என்று சாவகாசமாகக் கேட்டாள். ஊமை கரண்டியைக் கீழே வைத்துவிட்டான். அக்கம்பக்கத்துப் பண்ணைக்காரர்கள் சந்தேகம் வந்தால் ஆளை அவளிடமே அனுப்பிவைப்பார்கள். ஏமாற்றுக்காரனுக்குப் போடுகிற ஒவ்வொரு பிடியும் நிஜ ஏழையின் வாயிலிருந்து பிடுங்கியது என்று பாதிரியார் பிரசங்கம் செய்தபோது, சபை மொத்தமும் அவளைத்தான் திரும்பிப் பார்த்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. யாருக்குத்தான் பிடிக்காது?

அதற்காக அவளைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். நிஜமாகவே இல்லாதவன் என்று தெரிந்துவிட்டால் மாவோடு பாலாடைக்கட்டியும் வைப்பாள். நினியன் போட்டிருக்கிற சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லிக் கொடுத்துவிடுவாள், பாவம் அந்த மனுஷன்.

நடக்க முடியாத பிச்சைக்காரர்களுக்கு அந்தக் காலத்தில் ஒரு ஏற்பாடு இருந்தது. இரண்டு கம்புகளுக்கு நடுவே பலகை அடித்து, அதில் ஆளை உட்காரவைத்து, இரண்டு பேர் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த பண்ணை வாசலில் இறக்கிவிடுவார்கள். அங்கே கஞ்சி, கொட்டகையில் படுக்கை, மறுநாள் அதற்கடுத்த பண்ணை. யாரும் முடியாது என்று சொல்லக்கூடாது, சொன்னால் ஊர் காறித் துப்பும். இதில் சொகுசு கண்ட கள்ளன்களும் இருந்தார்கள். தூக்கிவந்தவர்களின் தலை மறைந்ததும் எழுந்து, கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடியவன் கதை சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

ஆடம் லோகி அப்படித்தான் பலகையில் வந்தான். பக்கத்துப் பண்ணை விதவை எல்ஸ்பெத்தின் ஆட்கள் இறக்கிவிட்டுப் போனார்கள். அதிகம் பேசாத ஆள். கிரிசெல் வயிறு நிறையப் போட்டாள். மறுநாள் காலை நினியன் கம்புகளின் முன்முனையைப் பிடிக்க, அவள் பின்முனையைப் பிடிக்க, சதுப்பை ஒட்டிய பொட்டல்வழியே கிளம்பினார்கள். ஆடம் அவளைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனுடைய பூட்ஸ் இரண்டும் அவள் கண்ணுக்கு நேரே ஆடிக்கொண்டு வந்தன. இரண்டிலும் குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. வருஷக்கணக்கில் நடந்து தேய்ந்த தேய்மானம்.

"கீழ வைங்க," என்றாள் நினியனிடம். பிறகு ஆடமிடம், நடக்காத காலில் பூட்ஸ் எப்படித் தேயும் என்று கேட்டாள்.

"ஒரு மகராசி குடுத்தது தாயீ."

"உங்க ஆளுங்க எல்லாருக்கும் எங்கயாவது ஒரு மகராசி இருப்பா. அதோ புகை தெரியுது பாரு, அதான் அடுத்த பண்ணை. நாங்க அந்தப் பக்கம் திரும்பினதும் நீ எந்திரிச்சு நடப்பே."

"என்னால முடியாது தாயீ. அந்தக் கல்சுவர் வரைக்குமாவது கொண்டுபோய் வச்சுட்டுப் போங்க."

நினியன் கம்பைத் தொடக் குனிந்தான். அவள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். ஆடம் கூப்பிடவில்லை, சத்தம் போடவில்லை. குட்டு வெளிப்பட்டவன் வேறென்ன செய்வான் என்று அதையும் அவள் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டாள். மேடு ஏறித் திரும்பிப் பார்த்தபோது மூடுபனி வழியை மறைத்துவிட்டது.

மதியம் பனி கொட்ட ஆரம்பித்த நேரத்தில் எல்ஸ்பெத் சல்லடை இரவல் கேட்டு வந்தாள். வந்தவள் சும்மா போயிருக்கலாம்.

"அந்த ஆளு காலுல எங்க வீட்டுக்காரர் பூட்ஸப் பாத்தீங்களாக்கா? அவர் போனதுலேருந்து சும்மாதான் கெடந்துச்சு. நானே மாட்டிவிட்டேன். பெருசா இருந்துச்சு, வைக்கோலத் திணிச்சு வச்சேன்."

கிரிசெல் சல்லடையைக் கையில் பிடித்தபடியே ஓடினாள். நினியன் பின்னால் ஓடினான். பலகை ஒருபக்கமாகச் சாய்ந்து கிடந்தது. ஆள் இல்லை. சுவடு ஏதாவது இருந்திருந்தாலும் பனி அதை மூடிவிட்டிருந்தது. அடுத்த பண்ணைக்கு யாரும் வரவில்லை. ஊரே கூடிக் கழிகளால் சதுப்பைக் குத்திப் பார்த்தது, கோடையிலும் பார்த்தது, ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்று, அவன் எழுந்து நடந்துபோயிருக்க வேண்டும். இல்லையென்றால் மூடுபனியில் வழி தெரியாமல் ஊர்ந்துபோய்ச் சதுப்பில் அமிழ்ந்திருக்க வேண்டும். கள்ளன்தான், ஓடிவிட்டான், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே என்றார் பாதிரியார். ஆயுள் முழுக்கப் பொய்யன்களைப் பிடித்தவள், இந்த ஒருவன் மட்டும் பொய்யனாக இருந்துவிட வேண்டும் என்று முழங்காலிட்டு வேண்டிக்கொண்டாள். மூடுபனி இறங்கிய நாளெல்லாம் கதவில் தட்டும் சத்தம் கேட்டது அவளுக்கு. கை உயரத்தில் இல்லை, கீழே, தரையோடு கிடப்பவன் தட்டினால் எங்கே தட்டுவானோ அங்கே. போய்த் திறப்பாள். யாரும் இருக்கமாட்டார்கள். திறந்தபடியே வெகுநேரம் நிற்பாள்.

வருகிற பிச்சைக்காரர்களையெல்லாம் விசாரிக்கத் தொடங்கினாள். ஆடம் லோகியைப் பார்த்தாயா, நடக்கிறானா? இது போதாதா அவர்களுக்கு? கேலவே முழுக்கச் சேதி பரவியது. ஒருவன் அவனை டம்ஃப்ரீஸ் சந்தையில் ஆடக் கண்டான். இன்னொருவன் அயர்லாந்துக் கப்பலில் மூட்டை தூக்கக் கண்டான். சொன்னவனுக்கெல்லாம் வெண்ணெய், பாலாடைக்கட்டி, கம்பளி. பார்க்கவில்லையே அம்மா என்று உள்ளதைச் சொன்னவர்கள் வெறும் கஞ்சியோடு போனார்கள். கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி அப்படித்தான் போனாள்.

நினியனுக்குப் பொறுக்கவில்லை. "இவனுங்க அளக்கறானுங்கன்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியுது. இன்னும் கொஞ்சம் வெண்ணெய் எடுத்துட்டு வாங்க."

நினியனும் போய்ச் சேர்ந்தான். அவள் தலை வெளுத்துப்போயிருந்த காலத்தில் ஒற்றைக்கண் கிழவன் ஒருவன் வந்தான். நல்ல மனுஷன், முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கேட்பதற்கு முன்பே, ஏர் பட்டணத்தில் ஆடம் லோகியைப் பார்த்ததாக ஆரம்பித்தான். திடமாக நடக்கிறானாம், மலையெல்லாம் ஏறுகிறானாம். அவள் ஓட்ஸ் ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். அவள் முகம் தெளிவதைப் பார்த்த கிழவனுக்கு, இன்னும் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாம் என்று தோன்றிவிட்டது.

"உங்க மேல அவனுக்கு ஒரு வருத்தமும் இல்லையாம் தாயீ. மன்னிச்சுட்டேன்னு சொல்லச் சொன்னான்."

வெண்ணெய் தடவிய கத்தி நின்றது.

"நடந்துபோனவன்," என்றாள் மெதுவாக, "என்னத்த மன்னிச்சான்?"

கிழவன் தலையைக் குனிந்துகொண்டான். எந்த முகத்தையும் எடை போடத் தெரிந்தவள் அல்லவா, அந்த முகத்தையும் போட்டாள். ஒவ்வொரு கொட்டகையிலும், ஒவ்வொரு வழியிலும், பிச்சையெடுக்கிற அத்தனை பேருக்கும் ஆடம் லோகி எங்கே கிடக்கிறான் என்பதில் சந்தேகமே இருந்ததில்லை. இத்தனை வருஷமும் அவர்கள்தான் அவளுக்குப் பிச்சை போட்டிருக்கிறார்கள்.

ரொட்டியை அவன் பக்கம் நகர்த்தி, சாப்பிடச் சொன்னாள். அதற்குப் பிறகு அவள் யாரிடமும் எதையும் விசாரிக்கவில்லை.