எமன் கயிற்றில் என் மோதிரம்

குந்தாரப்பள்ளிச் சந்தையில் ஓர் எருமைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. தளிப் பக்கத்துப் பெயிண்டர் மஞ்சப்பா நெஞ்சுவலியில் போய்விட்டாராம். பேசி முடிக்கும்வரை அந்த எருமை என்னையே பார்த்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணை இமைக்கவில்லை. வாங்காமல் திரும்பிவிட்டேன்.

எங்கள் ஓசூர் தொழிற்சாலையில், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் வேலை பார்த்த உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பாதுகாப்பு வாரத்துக்காக என் மெஷினுக்கு எதிர்ச் சுவரில் எமதர்மனை வரைந்தவர். அந்தப் படத்துக்கு அர்த்தம் சொன்னவன் நான். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனாலும் ஆடிட்டுக்கு வந்த ஜப்பான்காரரே நான் சொல்லச் சொல்ல நோட்டில் எழுதிக்கொண்டார். சாம்பல் வானம் காலம். எருமையின் சிவந்த கண் கர்மம். கயிற்றின் சுருக்குக்குக் கீழே கறுப்பாக இருப்பது வெறும் நிழல். எமன் முகம் மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ஷிப்ட் முடியக் காத்திருக்கும் ஆள்போல நின்றான்.

“என்னா மஞ்சப்பா, எமனுக்கு மூஞ்சியில ஒரு கோவம் வேணாமா?”

ஷாப்பில் எல்லோருக்கும் நான் மாமா, அவருக்கும்தான். “கோவமா வர்றவன்கிட்ட கெஞ்சலாம் மாமா. இவன் வேலையா வர்றான்.”

அந்த பிரஸ்ஸில் இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அமுக்கினால்தான் மேல்பாகம் இறங்கும். நான் வலது பட்டனில் மரச்சக்கையைச் செருகிவிட்டு, இடது கையால் அமுக்கி, வலது கையால் தகடு வைப்பேன். அந்த வேகத்துக்கு ஓசூர் முழுக்க ஆள் கிடையாது. மஞ்சப்பா சாரத்தில் உட்கார்ந்து தினமும் பார்த்தார்.

கடைசிக்கு முந்தின நாள், சுருக்குக்குள் ஒரு மோதிரம் வரைந்திருந்தார். சிவப்புக் கல். நான் வலது கையில் போட்டிருந்ததேதான். டீ நேரத்தில் எல்லோரையும் இழுத்துவந்து காட்டினேன்.

“பாத்துக்கங்கடா, எமனே எனக்கு மோதிரம் போட வர்றான். ஆயுசு நூறு.”

மஞ்சப்பா பிரஷ்ஷைத் துடைத்தபடி சொன்னார். “மோதிரம் இருக்குது. விரல் எங்க மாமா?”

ஒருவனும் சிரிக்கவில்லை. நான் நிழல் என்று சொல்லிவைத்த கறுப்பு, சொட்டுச் சொட்டாக என் மெஷின் பக்கம் இறங்கியிருந்தது. போய்ச் சக்கையைப் பிடுங்கினேன்.

மறுநாள் அவர் மோதிரத்தை அழித்தார். சுருக்கு வெறுமையாகத் தொங்கியது.

“இப்ப யாருக்கு மஞ்சப்பா?”

“தெரியாது மாமா. ஆனா அவன் இன்னும் போவல, பாருங்க.”

அந்தச் சுவர் இன்னும் இருக்கிறது. இப்போது என் மெஷினை ஓட்டுபவன் என்னைவிட வேகம் என்கிறார்கள். சக்கை வைக்காமல் என் வேகத்தை ஒருவனும் தாண்ட முடியாது. அவனைத் தெரிந்தவர்கள் இன்றைக்கே கூட்டிப்போய் அந்தச் சுருக்கைக் காட்டுங்கள்.

மஞ்சப்பாவின் படம் எதுவும் என்னிடம் இல்லை. மோதிரம் பீரோவில் கிடக்கிறது. விரல் என்னிடம் இருக்கிறது.