சிரிப்புக் கசெற்

நகைச்சுவை எழுதுகிறவன் என்று நாலு பேர் நம்பும்படி இத்தனை வருடம் காலம் தள்ளிவிட்டேன். ஆகவே இதைச் சொல்வதில் இனிப் பெரிய நட்டமில்லை. என்னுடைய முதல் நகைச்சுவை நாடகத்துக்கு வேண்டிய சிரிப்பை நானே வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்தேன். தொலைக்காட்சியிலிருந்து கசெற்றில் பதிந்து, பிளாஸ்டிக் பையில் போட்டு.

அப்போது எனக்குப் பத்து வயது. லண்டனில், ஃபாரஸ்ட் கேட்டில் இருந்தோம். பின்னேரங்களில் ஒரு பழைய அமெரிக்கத் தொடரை மறுபடி போடுவார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து ஜெர்மன் கைதி முகாம்தான் அதன் களம். கைதிகள் எல்லோரும் கெட்டிக்காரர்கள், காவலர்கள் எல்லோரும் மடையர்கள். கட்டிலை நகர்த்தினால் கீழே சுரங்கம். காவலர் வந்து தலைகளை எண்ணுவார், குறையும். தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி எண்ணுவதற்குள் போனவர்கள் சுரங்கத்தால் வந்து வரிசையில் நிற்பார்கள். உடனே கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

என்னோடு இருந்து அதைப் பார்த்தவர் மாமா. அம்மாவின் தம்பி. அந்த வருடம்தான் ஊரிலிருந்து வந்து எங்கள் சின்ன அறையில் தங்கியிருந்தார். அவரும் அங்கே ஆமியின் முகாம் ஒன்றில் அடைபட்டிருந்தவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். அதற்குமேல் வீட்டில் யாரும் பேசுவதில்லை. மாமா எதைப் பற்றியுமே பேசுவதில்லை. அறையை விட்டு அவர் வெளியே வருவதெல்லாம் இந்தத் தொடருக்குத்தான். அம்மா பதறிக்கொண்டு சனலை மாற்றப்போனால், "இருக்கட்டும் அக்கா" என்பார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, ஆகவே நான்தான் மொழிபெயர்ப்பாளன். கூட்டம் சிரிக்கும்போது அவர் சிரிப்பதில்லை. ஒருமுறை, "தேத்தண்ணி சுடச்சுடக் குடுக்கிறாங்கள்" என்றார். கட்டிலுக்குக் கீழே சுரங்கம் இருப்பதை நான் விளக்கியபோது, "கட்டில் இருந்தாத்தானே" என்றார். மாமாவுக்கு நகைச்சுவை உணர்வு போதாது என்று முடிவு கட்டினேன்.

எங்கள் கோயில் மண்டபத்தில் நத்தாருக்கு முன், கிறிஸ்து பிறப்பை நடித்துக் காட்டும் ஒளிவிழா நடக்கும். வருடாவருடம் அதே மாட்டுத்தொழுவம்தான். எந்தப் பெற்றோருக்கும் தங்கள் பிள்ளை ஆடாக நடிப்பதில் சம்மதமில்லை, எல்லோருக்கும் ராசா வேடம்தான் வேண்டும். முகத்தை முறிக்க ஏலாமல் தமிழ்ப்பள்ளி வாத்தியார் விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, முந்திய வருடம் மூன்று ராசாக்கள் ஏழாகிவிட்டிருந்தார்கள். இந்த நிலையில் நான் ஒரு கைதி முகாம் நாடகத்தோடு போய் நின்றதும் மனிதர் கட்டிப்பிடிக்காத குறை. கடைசியில் கைதிகள் தப்பிப்போய்ப் பாலனைக் கும்பிடவேண்டும் என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

சிரிப்பு எங்கே வரவேண்டும் என்பதைச் சனத்தின் விருப்பத்துக்கு விட எனக்கு மனமில்லை. ரேப் ரெக்கோடரைத் தொலைக்காட்சியின் வாயில் பிடித்துப் பதிந்தேன். அதைத் திரைக்குப் பின்னால் வைத்து இயக்கும் பொறுப்பைத் தங்கச்சிக்குக் கொடுத்தேன். காவலர் எண்ணி முடித்ததும் பட்டனை அமத்தவேண்டும், வேறு ஒன்றையும் யோசிக்கக்கூடாது. தங்கச்சி சொன்னதைச் செய்கிற பிள்ளை.

காவலராக நடிக்கவிருந்தவர் பலசரக்குக் கடைக்கார அங்கிள். அன்று காலை அவருக்குக் காய்ச்சல். நான் அழத் தொடங்கியபோது அம்மா சொன்னார்: "தம்பி நடிக்கட்டும். நாலு சனத்தோட பழகின மாதிரியும் இருக்கும்." மாமாவை எப்படியாவது அந்த அறையிலிருந்து வெளியே எடுத்துவிடவேண்டும் என்று அம்மா எடுத்த முயற்சிகளில் இது எத்தனையாவதோ. ஆச்சரியமாக, மாமா ஓம் என்றார்.

காரில் போகும்போது பாடம் சொல்லிக்கொடுத்தேன்.

"மாமா, நீங்கள் எங்களை எண்ணவேணும். ஆனா பிழையா எண்ணவேணும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "பிழையா எண்ணினா ஆருக்கு அடி விழும்?"

"ஒருத்தருக்கும் விழாது. சனம் சிரிக்கும்."

"அப்ப சரி."

அப்பா செக்கியூரிட்டி வேலைக்குப் போடும் கோட்டும் தொப்பியும்தான் மாமாவின் வேடம். மேடைக்கு வந்ததும் அந்தக் கோட்டை அடையாளம் கண்டு சிலர் சிரித்தார்கள். பிறகு மாமா நிமிர்ந்தார். நான் அறியாத ஒரு நடை நடந்தார். சிங்களத்தில் ஒரே ஒரு சொல் கத்தினார். குந்து என்று அர்த்தம், அது பிறகு தெரிந்தது. மேடையில் நின்ற எங்களுக்கு விளங்கவில்லை, இளித்துக்கொண்டு நின்றோம். மண்டபத்தின் பின்சுவரோடு ஊரிலிருந்து புதிதாக வந்த இளைஞர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். அவர்களில் சிலர் சடாரென்று குந்தினார்கள். உடனே, சப்பாத்து நூலைக் கட்டுகிறவர்கள் போலக் குனிந்து காலடியில் கையை அளைந்தார்கள்.

மண்டபத்தில் மூச்சுச் சத்தம் இல்லை. மாமா ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். சுரங்கம் என்று நாங்கள் வைத்திருந்த மேசையின் துணியைத் தூக்கி, உள்ளே ஒளிந்திருந்த இருவரையும் எண்ணினார். கணக்குச் சரியாக வந்தது. தப்பி ஓட இனி யாரும் இல்லை, என் நாடகம் அந்த இடத்தில் முடிந்துவிட்டது.

அவர் எண்ணி முடித்ததும், சொன்னதைச் செய்கிற பிள்ளை பட்டனை அமத்தியது.

அமெரிக்கர்கள் சிரித்தார்கள். அந்த அமைதிக்குள் விழுந்து விழுந்து, கைதட்டி, மூச்சு வாங்கி மறுபடியும் சிரித்தார்கள். அது ஓய்ந்த இடத்தில், பதியும்போது நான் கவனிக்காத அம்மாவின் குரல் பெரிதாக வந்தது: "எடேய், அந்தக் கோதாரியை நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட வா! மாமாவையும் கூட்டிக்கொண்டு வா!"

மாமா திடுக்கிட்டு, தொப்பியைக் கழற்றினார். மேடையிலிருந்து இறங்கி, முன்வரிசையில் இருந்த அம்மாவை நோக்கி நடந்தார். அப்போதுதான் மண்டபம் சிரித்தது. அப்படியொரு சிரிப்பை அதற்குப் பிறகு நான் எழுதிய எதுவும் வாங்கியதில்லை. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டிருந்தார். தன் குரல் இப்படிச் சந்திக்கு வந்துவிட்டதே என்ற வெட்கம் என்று நினைத்தேன்.

அன்றைய மிகப்பெரிய சிரிப்பு நான் எழுதாத வசனத்துக்குப் போய்விட்ட கோபத்தில் தங்கச்சியோடு பேசாமல் இருந்தேன். றோல்ஸும் தேநீரும் பரிமாறும்போது மாமா முன்வரிசையில் இல்லை. பின்சுவரோடு நின்றார். சப்பாத்து நூல்காரர்கள் அவரைச் சுற்றி நின்றார்கள். மாமா ஏதோ சொல்ல, அவர்களில் ஒருவர் றோல்ஸ் புரைக்கேறும்படி சிரித்தார். வீட்டில் ஒரு நாளும் வாய் திறக்காத மனிதர் முன்பின் தெரியாதவர்களோடு அவ்வளவு நேரம் என்ன கதைத்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் சப்பாத்து நூல் அவிழ்ந்ததையும் வெகுகாலம் தற்செயல் என்றே நினைத்திருந்தேன்.

வாத்தியார் கார் வரைக்கும் வந்தார். என் தலையைத் தடவினார், பாராட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் அப்பாவின் பக்கம் திரும்பினார்.

"அண்ணை, வாற வருசம் ராசா எத்தினை பேர் வந்தாலும் பரவாயில்லை. எல்லாரையும் எடுப்பம்."