அறிக்கையில் இல்லாத கை

டீசலுக்கும் பெற்றோலுக்கும் நாட்கணக்கில் வரிசையில் நின்ற காலம் முடிந்து, சனங்கள் கொஞ்சம் மூச்சு விடத் தொடங்கியிருந்த வருடம் அது. உயர்தரத்தில் பல்கலைக்கழகம் போகப் புள்ளி காணாமல் போனதால், மட்டக்களப்பு நகரில் ஒரு கல்வி நிலையத்தில் வியாபார முகாமைத்துவ டிப்ளோமாவுக்குச் சேர்ந்திருந்தேன். முதல் தவணையில் ‘முகாமைத்துவக் கோட்பாடுகள்’ என்றொரு பாடம். திட்டமிடல், ஒழுங்கமைத்தல், வழிநடத்தல், கட்டுப்படுத்தல் என்று நான்கையும் பாடமாக்கிக்கொண்டு, இரண்டே மாதத்தில் நான் வீட்டையும் தெருவையும் முகாமை செய்யப் புறப்பட்டுவிட்டேன். அம்மா உப்புக்கு ஒரு தடவையும் புளிக்கு ஒரு தடவையும் கடைக்குப் போனால் அது நேர விரயம். அப்பா சைக்கிளைத் துடைத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றால் அது செயலற்ற நேரம். “இவளுக்கு வாய் நீண்டுபோச்சு” என்று அம்மா சொல்லுவார். உண்மையில் நீண்டுதான் போயிருந்தது.

தவணை முடிவில் ஓர் ஒப்படை தந்தார்கள். நான்கு பேர் கொண்ட குழு ஒரு வேலைத்தளத்துக்குப் போய், மூன்று நாள் அவதானித்து, அங்கே வினைத்திறன் எங்கே குறைகிறது என்று கண்டுபிடித்து, அதை எப்படித் திருத்தலாம் என்ற விதப்புரைகளோடு அறிக்கை எழுத வேண்டும். எங்கள் விரிவுரையாளர் கண்டிப்பானவர். “பாராட்டுப் பத்திரம் எழுதிக்கொண்டு வராதீங்க. குறை எங்க கிடக்கு எண்டு பாத்து எழுதுங்க” என்றார். குழுத் தலைவி நான். குறை கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டுமா?

குழுவில் ஒருத்தியின் உறவுக்காரர் மூலமாக, வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் ஓர் அரிசி ஆலை கிடைத்தது. ஆவணி மாதம். பாலத்தைக் கடந்து பஸ் போகும்போது இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல் வட்டைகள் காய்ந்து கிடந்தன. மில் முதலாளிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தகப்பன் இறந்தபிறகு இரண்டு வருடமாக அவர்தான் நடத்துகிறார். எங்களை மரியாதையாக வரவேற்று, எங்கேயும் போய்ப் பார்க்கலாம், யாரிடமும் எதையும் கேட்கலாம் என்றார். குளிர்பானம் கூட வாங்கித் தந்தார்.

அவித்த நெல்லைக் காயப்போடும் பெரிய சீமெந்துத் தளம் மில்லின் பின்பக்கம் இருந்தது. அந்தப் பகுதி என் பொறுப்பு. தளத்தின் ஓரத்தில் ஒரு வேப்பமரம், அதன் கீழே ஒரு பிளாஸ்டிக் கதிரை, அதில் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். வெயிலுக்காக ஆண்கள் போடும் நீளக்கைச் சேட் ஒன்றைச் சீலைக்கு மேலே போட்டிருந்தார். காகமும் ஆடுமாடும் நெல்லில் வாய்வைக்காமல் பார்ப்பது, மழை இருட்டினால் படங்கு இழுத்து மூடுவதற்கு உள்ளே இருக்கும் ஆட்களைக் கூப்பிடுவது, இதுதான் அவருடைய வேலை. நான் மாமி என்று கூப்பிட்டேன். என்னைக் கண்டதும் எழும்பி, அங்கே இருந்த ஒரே கதிரையை எனக்குத் தந்துவிட்டு, தான் சாக்குக் கட்டின்மேல் போய் இருந்தார். மூன்று நாளும் அப்படித்தான். அவருடைய கதிரையில் இருந்துகொண்டு, கைபேசியில் நேரம் பிடித்து, அவர் எத்தனை தடவை எழும்புகிறார், எத்தனை நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருக்கிறார் என்று நான் குறித்தேன்.

பத்து மணிக்கு எனக்கும் சேர்த்துப் பிளேன்டீ கொண்டுவந்தார். இடக்கையால் நீட்டினார். எங்கள் வீட்டில் இடக்கையால் யாருக்கும் ஒன்றும் கொடுக்க மாட்டோம். இவ்வளவு வயதுக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று மனதுக்குள் முகம் சுளித்துக்கொண்டுதான் வாங்கினேன். வலக்கை சேட்டின் கைக்குள்ளேயே இருந்தது. ஏன் என்று நான் யோசிக்கவில்லை. கேட்பதற்கு நாங்கள் எழுதிக்கொண்டுபோன வினாக்கொத்தில் அப்படி ஒரு கேள்வியும் இல்லை.

வினாக்கொத்தின் நான்காவது கேள்வி, ‘உங்கள் பணிகளை வரிசைப்படுத்துக’ என்பது. நான் வாசித்ததும் மாமி சிரித்தார். “வரிசைப்படுத்த என்ன வேலை கிடக்கு புள்ள? பாத்துக்கொண்டு இரிக்கன், அவ்வளவுதான்.” எங்கள் பக்கத்துச் சனங்கள் தாங்கள் செய்யும் வேலையைப் பற்றிக் கேட்டால் இப்படித்தான் சொல்லுவார்கள். பத்துப் பேருக்குச் சமைத்துவிட்டு வந்த என் அம்மாவும் ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்லுவார். அது எனக்குத் தெரியாத விஷயமில்லை. ஆனாலும் அவர் சொன்னதை அப்படியே எழுதினேன்.

அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ஆறு விதப்புரைகள். மூன்றாவது என்னுடையது. ‘தளக் கண்காணிப்பாளரின் எட்டு மணி நேர வேலை நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் செயலற்ற நேரமாகும். இப்பணியிடத்தை நீக்கி, அதன் கடமைகளை ஏனைய ஊழியரிடம் பகிர்ந்தளிக்கலாம்.’ வகுப்பில் திரையில் போட்டு வாசித்தபோது விரிவுரையாளர் அந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார். “பாத்தீங்களா, இதுதான் அவதானிப்பு” என்று எல்லோருக்கும் சொன்னார். எங்களுக்கு ஏ தரம் கிடைத்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு ஒப்படையாகவே போயிருக்கும். நான் விடவில்லை. அறிக்கையை வளையம் போட்டுக் கட்டி, பிளாஸ்டிக் அட்டை போட்டு, ஒரு பிரதியை மில்லுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை. என் கெட்டித்தனத்தை அவரும் பார்க்கட்டும் என்றுதான். முதலாளி நின்றபடியே பக்கங்களைப் புரட்டினார். மூன்றாவது விதப்புரையில் அவர் விரல் கொஞ்ச நேரம் நின்றது. “இப்படி ஒண்டத்தான் நான் தேடிக்கொண்டிருந்தன்” என்றார். பயிற்சிக்காலத்தை அங்கேயே செய்யலாம் என்றும் சொன்னார். எங்கள் வகுப்பில் பாதிப் பேர் பயிற்சிக்கு இடம் தேடி அலைந்துகொண்டிருந்த நேரம். எனக்கு இடம் வீடு தேடி வந்தது போல இருந்தது.

கார்த்திகையில் பயிற்சிக்குப் போனேன். அலுவலக அறையில் எனக்கு ஒரு மேசை போட்டிருந்தார்கள். முதல் நாள் பிளேன்டீ நேரத்துக்குப் பின்பக்கம் போய்ப் பார்த்தால் வேப்பமரத்தடி வெறுமையாகக் கிடந்தது. நெல் அவிக்கும் அண்ணன் ஒருவர் அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டு நின்றார். மாமி எங்கே என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானே எழுதிக் குடுத்த” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவரே சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் மாமி உள்ளே தவிடு அள்ளும் வேலை செய்தவர். ஒருநாள் இயந்திரத்தின் பெல்ட்டில் வலக்கை அகப்பட்டுவிட்டது. பெருவிரலைத் தவிர மற்ற நான்கும் போய்விட்டன. பழைய முதலாளி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார். காயம் ஆறி வந்த அன்று, எல்லா வேலையாட்களும் நிற்கத்தக்கதாக, “உனக்குச் சீவன் இருக்குமட்டும் இஞ்ச உனக்கு வேலை இரிக்கி” என்றார். மரத்தடியில் கதிரை போட்டது அப்போதுதான். முறைப்பாடும் இல்லை, நட்டஈடும் இல்லை, ஒரு துண்டுக் கடதாசியும் இல்லை. அந்தக் கதிரைதான் அவருடைய நான்கு விரலுக்கும் கிடைத்த நட்டஈடு. நான் மூன்று நாள் அதில் இருந்து எழுதியிருக்கிறேன்.

நேரே முதலாளியிடம் போனேன். மாமியைத் திருப்பி எடுங்கள், எனக்கு அந்தக் கதை தெரியாது, தெரிந்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன் என்று உளறினேன். அவர் சத்தம் போடவில்லை. மேசை லாச்சியைத் திறந்து எங்கள் அறிக்கையை எடுத்து என் முன்னால் வைத்தார்.

“தங்கச்சி, அப்பா சொன்னது எனக்கும் தெரியும். ஆனா அப்பா இல்ல. இத எழுதினது நீங்க. பிழை எண்டா எந்த வரி பிழை எண்டு காட்டுங்க.”

நான் வாசித்தேன். எட்டு மணி நேரம் சரி. ஐந்து மணி நேரம் சரி. நான் பிடித்த நேரத்தில் ஒரு நிமிடம்கூடப் பிழை இல்லை. அறிக்கையை மூடி அவரிடமே கொடுத்தேன். விரிவுரையாளரிடமும் போய்ச் சொல்லிப் பார்த்தேன். தரவில் பிழை இருந்தால் திருத்தலாம், இது தரவில் பிழையில்லையே என்றார். அவரும் பாவம், வேறென்ன சொல்லுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பால்மாப் பெட்டியும் பிஸ்கட்டும் வாங்கிக்கொண்டு மாமியின் வீட்டைத் தேடிப் போனேன். மில்லிலிருந்து இரண்டு மைல் உள்ளே. புருஷன் இல்லாத வீடு. பள்ளிக்கூடம் போகும் ஒரு மகள் மட்டும். மாமி வீட்டில் இல்லை. காத்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் இடக்கையில் ஒரு பையோடு வந்தார். போன போகத்தில் அறுவடை மெசின் சிந்திவிட்டுப் போன நெல்லை வரப்போரங்களில் கூட்டிப் பொறுக்கத் தொடங்கியவர், இப்போது அதுவும் முடிந்து, கீரை ஆய்ந்துகொண்டு வருகிறார். வலக்கை சேட் கைக்குள் இல்லை. முதல் தடவையாக அதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பவும் முடியவில்லை.

என்னைக் கண்டதும் உள்ளே போய், வீட்டில் இருந்த ஒரே கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து முற்றத்தில் வைத்தார். என்னால் அதில் இருக்க முடியவில்லை. நிலத்தில் இருந்தேன். மன்னிப்புக் கேட்கத்தான் போனேன், ஆனால் அழுகைதான் வந்தது. அவர் என்னை ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். “அழாத புள்ள. நான்தானே சொன்ன, பாத்துக்கொண்டு இரிக்கன் எண்டு” என்றார். பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பிறகு கேட்டார். “என்னப் பத்தி அதுல என்ன எழுதியிரிக்கி? வாசி, கேப்பம்.”

என் பிரதி பைக்குள்ளேயே இருந்தது. சொற்களை மாற்றி வாசித்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். மகள் குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளதை உள்ளபடியே வாசித்தேன். செயலற்ற நேரம் என்றால் என்ன என்று கேட்டார். சொன்னேன். தலையாட்டினார். பணியிடத்தை நீக்கி என்ற இடத்தையும் வாசித்தேன். வாசித்து முடித்தபின் அவர் பைக்குள் இருந்த கீரையை எடுத்து நிலத்தில் பரப்பினார்.

“அதுக்கு மறுகா, என்ட கையப் பத்தி?” என்றார்.

“இல்ல மாமி.”

“ஒரு இடத்திலயும் இல்லையா?”

இருபத்தெட்டுப் பக்க அறிக்கை அது. இயந்திரங்களின் வயது இருந்தது. தளத்தின் நீள அகலம் இருந்தது. பன்னிரண்டு வருடத்தில் அந்த மில்லில் அந்த மனுஷியைப் பற்றி எழுதப்பட்ட ஒரே கடதாசி எங்களுடையதுதான். அதிலும் அந்தக் கை இல்லை. இல்லை என்று தலையாட்டினேன். அவர் மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி வைக்கச் சொன்னார்.

மாமியை வேலையிலிருந்து நிற்பாட்டிய பின் மில் நட்டப்பட்டது, முதலாளி உணர்ந்து திருந்தினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. மார்கழி மழை அடித்து ஊற்றியது. நெல் நனையட்டும், ஒரே ஒரு தடவை நனையட்டும் என்று அலுவலக யன்னலுக்குப் பக்கத்தில் நின்று வேண்டிக்கொண்டேன். இரண்டு இளந்தாரிகள் ஓடிவந்து படங்கை இழுத்து மூடினார்கள். ஒரு சாக்கு நெல்கூட நனையவில்லை. என் விதப்புரை சரியாகத்தான் வேலை செய்தது. கோபித்துக்கொண்டு பயிற்சியை விட்டுப் போனேன் என்றும் சொல்ல முடியாது. சான்றிதழ் தேவை என்று ஆறு மாதமும் அங்கேயே இருந்து முடித்தேன். அதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும். மாமி அடுத்த வருடம் மகளையும் கூட்டிக்கொண்டு உன்னிச்சைப் பக்கம் தமையன் வீட்டுக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். பிறகு நான் காணவில்லை.

இப்போது நான் ஒரு அலுவலகத்தில் வேலை செய்கிறேன். ஆட்களின் கடமைப் பட்டியலைத் திருத்தும் வேலையும் அதில் உண்டு. யாராவது வேலையில்லாமல் இருப்பதாக ஒரு கடிதம் வந்தால், அந்த ஆளிடம் போய், இந்தக் கதிரைக்கு எப்படி வந்தீர்கள் என்று முதலில் கேட்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் சந்தேகப்படுகிறார்கள். கேட்டுவிட்டுத்தான் பேனையைத் திறக்கிறேன். என்னிடம் இருக்கும் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், மாமியின் வலக்கையைப் பற்றி, அது எப்போது, எந்த இயந்திரத்தில் போனது என்று நான் கையால் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் மில் முதலாளியின் லாச்சிக்குள் இருக்கும் பிரதியில் அந்தக் கை இன்றைக்கும் இல்லை.