முகம் தெரியும் பக்கம்

தம்பி இறந்த பிறகு அவனுடைய கூட்டாளிகள் அவன் படங்களையெல்லாம் சேர்த்து ஒரு டிவிடியில் போட்டுக் கொடுத்தார்கள். டிவி, கம்ப்யூட்டர், எதில் போட்டாலும் ஓடும் என்றார்கள்.

எங்கள் வீட்டு பிளேயர் பழுதாகி வெகுகாலம் ஆகிறது. இப்போது இருப்பது என் போன் மட்டும்தான். படங்களை அதற்கு மாற்ற இன்று அம்மாவோடு அம்பாசமுத்திரத்தில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன்.

கடைக்கார அண்ணாச்சி டிவிடியை உறையிலிருந்து எடுத்துப் பார்த்தார். பளபளக்கும் பக்கத்தில் சந்தனம், அதன் மேல் குங்குமம்.

“யாரும்மா இதுல பொட்டு வச்சது?”

“நாந்தான் அண்ணாச்சி. வெள்ளிக்கிழமைதோறும் பழசைத் துடைச்சிட்டுப் புதுசா வைப்பேன். பிள்ள உள்ளதான இருக்கான்.”

“எழுத்து இருக்குற பக்கம் வச்சிருக்கக் கூடாதா?”

“முகம் தெரியுத பக்கத்துலதான வைக்கணும்?”

அண்ணாச்சி ஈரத்துணியால் பையத் துடைத்தார். பொட்டு போனது, துடைத்துத் துடைத்து விழுந்திருந்த கீறல்கள் போகவில்லை.

கம்ப்யூட்டர் வெகுநேரம் முனகிவிட்டு ஒரே ஒரு படத்தைக் காட்டியது. அதிலும் தம்பியின் தலைமுடியும் நெற்றியும் மட்டும். கண்ணிலிருந்து கீழே வெறும் சாம்பல் நிறம்.

அம்மா திரையின் பக்கத்தில் போய்ப் பார்த்தாள்.

“நெத்தி தெரியுதுல்லா. அது போதும்.”

அந்தப் படம் இப்போது என் போனில் இருக்கிறது. கீறல் விழுந்த டிவிடியிலிருந்து மற்றதை மீட்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நாளைக்கு வெள்ளிக்கிழமை. போனை அம்மாவிடம் கொடுக்கலாமா என்றும் சொல்லுங்கள்.