விழ வேண்டிய குழாய்

நெலிதா கால்விரலால் குறுக்குக் குழாயைத் தட்டிவிடுகிறாள். அது பொத்தென்று புல்லில் விழுகிறது. எடுத்து வைத்துவிட்டு அடுத்த தடையையும் தட்டுகிறாள். பரனா ஆற்றங்கரைப் பூங்காவில் சனிக்கிழமைதோறும் நாய்களுக்குத் தடை தாண்டக் கற்றுக்கொடுக்கும் முன் இந்தச் சோதனை தவறாது. ஒரு கையில் மாத்தே என்னும் மூலிகைத் தேநீர்க் குடுவை. அதன் உறிஞ்சுகுழல் எந்நேரமும் பல்லிடுக்கில். "நாய் கால் பட்டா விழணும். விழலைன்னா அது தடையில்லை, கண்ணி" என்பாள்.

மற்ற நாட்களில் டயர் கடையில் பஞ்சர் ஒட்டுகிறாள். நாயிடம் அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. கத்தலெல்லாம் வளர்ப்பவர்களுக்குத்தான். "நாய்க்கு ஒருக்கா சொன்னா ஏறுது. உங்க மண்டையில ஏற மாட்டேங்குதே!" சட்டைப்பையில் சாசேஜ் துண்டுகள். நாய் ஒழுங்காகத் தாண்டினால் நாய்க்கு ஒன்று. வளர்ப்பவர் ஒழுங்காக நடந்துகொண்டால் அவருக்கும் ஒன்று நீட்டுவாள். வாங்கித் தின்னாமல் தப்ப முடியாது.

இன்று மூன்றாவது தடையில் குழாய் விழவில்லை. குனிந்து பார்த்தாள். இரண்டு முனையிலும் தூண்டில் நரம்பு, தாங்கும் தூண்களோடு இறுக்கிக் கட்டியிருந்தது.

"யார் பார்த்த வேலை இது?"

மருந்துக்கடை எவாரிஸ்தோ தொண்டையைச் செருமினார். அவர் குட்டி புல்கா, பத்து மாதம், காலடியில் வாலாட்டிக்கொண்டிருந்தது. "குழாயைத் தட்டித் தட்டி விடுதுங்க. விழாம நின்னா ஒசந்து குதிக்கும்னு... நாளைக்குப் போட்டி. என் மச்சானோட நாயும் வருது."

"யோவ், இன்னும் எலும்பே முத்தலைய்யா அதுக்கு! இதுல கால் மாட்டினா முறியும். தரையில போட்ட குழாயைத் தாண்டட்டும் போதும்னு எத்தனை தரம் கத்துறது? அவ்வளவு நம்பிக்கைன்னா நீங்க குதிச்சுக் காட்டுங்க, பார்ப்போம்!"

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. முழங்கால் உயரம்தானே என்று ஓடிவந்து குதித்தார். குழாய் விழவில்லை, அவர் விழுந்தார், தூணோடு சேர்ந்து, குப்புற. புல்கா பாய்ந்து வந்து அவர் காதை நக்கியது.

"உங்களுக்கு ஒடம்பு பெருசு, தூணே சாஞ்சிடுச்சு. அதுக்குச் சாயுமா?" என்றாள் நெலிதா. கைகொடுத்துத் தூக்கக்கூட இல்லை.

எவாரிஸ்தோ உட்கார்ந்தபடியே சிராய்த்த முழங்காலைப் பார்த்தார், பிறகு புல்காவின் ஒல்லிக் கால்களைப் பார்த்தார். சாவிக்கொத்துக் கத்தியால் நரம்பை அறுத்தார். குழாயைத் தரையில் கிடத்தினார்.

"நாளைக்கு நாங்க வரலை. மச்சான் சிரிச்சா சிரிக்கட்டும்."

புல்கா குழாயைத் தாண்டியது. தாண்டியது என்ன, நடந்து கடந்தது.

நெலிதா இன்னும் முறைத்துக்கொண்டே பையைத் துழாவினாள். ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். அதை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைப் புல்காவின் வாயில் போட்டாள். மறுபாதியை எவாரிஸ்தோவின் மண் ஒட்டிய உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை மடக்கிவிட்டாள்.